கீழ்க்கட்டத்தை மூடி வைப்பவள்

ஆம்பூர்
12 பிப்ரவரி 2002

அக்கா,

இல்லை, பிடிவாதம் இல்லை. கீழ்க்கட்டம் திறந்திருந்தால் எனக்கு வேலை ஓடாது, அவ்வளவுதான். "ஒரு சின்னக் கட்டத்துக்காக ஆபீஸில் சண்டையா" என்று கேட்டிருக்கிறாய். சண்டை என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு இருந்த வறட்டு இருமல் போய்விட்டது. நீயும் உன் வீட்டுக்காரர் ஜோவின் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

திரையை உனக்கு விளக்குகிறேன். மெயில் புரோகிராமைத் திறந்தால் மூன்று பாகம். இடது பக்கம் பெட்டிகளின் பெயர்கள். வலது பக்கம் மேலே, வந்த மெயில்களின் வரிசை. அதன் கீழே ஒரு கட்டம். வரிசையில் எந்த மெயிலின் மேல் நீலக் கோடு நிற்கிறதோ, அதில் எழுதியிருப்பது அந்தக் கட்டத்தில் தெரியும். மெயிலைத் திறக்கவே வேண்டாம். புதிதாக வந்த மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். கோடு அதன்மேல் ஐந்து நொடி நின்றால் எழுத்து மெலிந்துவிடும். படித்தாயிற்று என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடுகிறது.

ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் செக்ஷனில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில் பெட்டி. காலையில் மகேந்திரன். குடியாத்தத்திலிருந்து ரயிலில் வருபவர். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு நான். தடித்திருந்தால் வேலை பாக்கி, மெலிந்திருந்தால் முடிந்தது. எங்களுக்குள் வேறு குறிப்பு, ரிஜிஸ்டர், எதுவும் கிடையாது. அவர் கட்டத்தைத் திறந்து வைப்பார். நான் வந்ததும் மூடுவேன். ஒவ்வொரு மெயிலையும் தனி ஜன்னலில் திறந்து, படித்து, அச்செடுத்து, மூடுவேன். மறுநாள் காலை அவர் வந்து மறுபடியும் திறப்பார். இரண்டு வருடமாக இது நடக்கிறது.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நம் வீட்டில் எல்லாக் கடிதங்களையும் அப்பாதான் பிரிப்பார். ஜெபம் முடிந்ததும் சத்தமாகப் படிப்பார். என் பேருக்கு வந்ததையும். அதனால்தான் எனக்கு எழுதுவதைக் கம்பெனி விலாசத்துக்கு எழுதச் சொன்னேன். பிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உறையைக் கையில் வைத்திருக்க வேண்டும் எனக்கு. இது காரணமா தெரியவில்லை. காரணம் மாதிரி இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெர்சிஸ்


மஸ்கட்
24 பிப்ரவரி 2002

பிரியமுள்ள பெர்சி,

கர்த்தர் தந்த ஒரு லீவு நாளில், வீங்கின காலைத் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு குறையில்லை. உனக்கும் அப்பாவுக்கும் அதே சுகம் இருக்கட்டும்.

உன் கட்டக் கதையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என் ஓட்டு மகேந்திரனுக்கு. இங்கே நெட் சென்டரில் உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது கீழே கட்டம் திறந்திருக்கிறதா என்றுதான். வார்டில் என் மேசையிலிருந்து பதினெட்டுக் கட்டிலும் தெரியும். எழுந்து போகாமலே யார் முனகுகிறார்கள், யாருடைய பாட்டில் தீரப் போகிறது, எல்லாம் தெரிய வேண்டும். நீ சொல்வது போல ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு வந்த பார்சலை இரண்டு நாள் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாய். நான் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி வைத்தது உனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

மாமாவுக்கு வேலை சைட் மாற்றியிருக்கிறார்கள், தூரம். அப்பாவை முட்டை மஞ்சள் சாப்பிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

முத்தங்களுடன்,
பொன்மலர்


ஆம்பூர்
7 மார்ச் 2002

அக்கா,

பார்சல் விஷயம் எனக்குத் தெரியும். கோந்து வேறு நிறத்தில் இருந்தது.

இங்கே எல்லாரும் நலம். அப்பா முட்டை மஞ்சளை விட்டுவிட்டார், வெள்ளையை இரண்டு மடங்கு சாப்பிடுகிறார். வெயில் ஆரம்பித்துவிட்டது. தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை மத்தியானம் பைபாஸ் வரை வருகிறது.

நேற்று மகேந்திரன் போகாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் கட்டத்தை மூடுவதைப் பார்த்துவிட்டு:

"மேடம், கொழம்ப மூடி வெச்சா கொதிக்கறது தெரியாது."

"தொறந்து வெச்சா ஈ விழும்."

"ஜெர்மன்காரன் மெயில்ல ஈ எங்கேர்ந்து மேடம் வரும்? அங்க குளிருக்கே செத்துப்புடும்."

ரஃபி அகமது சார் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர்தான் எங்கள் மேனேஜர். அப்பாவிடம் எட்டாவது படித்தவர். இன்றைக்கும் அப்பாவை ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார்.

"ஒரு அடுப்பு, ரெண்டு மாமியார்," என்றார். "என்னிக்காவது ஒரு நாள் கஞ்சி தீயப் போவுது பாருங்க."

சிரித்தோம்.

மகேந்திரன் காலையில் இட்லியை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கை விரலால் கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருபது மெயில் பார்த்துவிடுவார். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு வரி. எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் கேலி செய்வார்கள். ஒன்றைக்கூட இதுவரை அவர் விட்டதில்லை என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் இரண்டு பவர்லூம். லுங்கி நெய்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

உன் கடிதத்தின் பின்பக்க விலாசம் வேறாக இருந்தது. நர்ஸ்கள் ஹாஸ்டல் என்று. வீடு மாறினீர்களா? ஹாஸ்டலில் மாமாவை எப்படிச் சேர்த்தார்கள்?

ஆபீஸ் மெயிலுக்கு எதையும் அனுப்பாதே. சொந்த மெயில் வந்தால் வேலை போகும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ரொம்ப அவசரம் என்றால் மட்டும்.

பெர்சிஸ்


மஸ்கட்
17 மார்ச் 2002

பெர்சி,

சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை உன் ஆபீஸுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். தூக்கமில்லாத நேரத்தில் அடித்தது. நீ இன்னும் பார்க்கவில்லை என்றால் படிக்காமலே அழித்துவிடு. நீ திறந்துதானே படிப்பாய். திறக்காதே.

விலாசம் தற்காலிகம்தான்.

பொன்மலர்


ஆம்பூர்
28 மார்ச் 2002, பெரிய வியாழன்

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. மெயிலும் வந்திருந்தது. அழித்துவிட்டேன்.

அப்பா ஆராதனைக்குப் போயிருக்கிறார். நலமாக இருக்கிறார். நானும். ஜோவின் மாமா சுகமா?

ஆபீஸில் ஒரு தவறு நடந்துவிட்டது. எழுதுகிறேன்.

எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து பதினான்காம் தேதி ஒரு மெயில். பழுப்பு நிற ஷூவுக்கு வேறு தோல் முடிவு செய்திருக்கிறோம், கட்டிங்கை உடனே நிறுத்துங்கள் என்று. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்டர்நெட் லைன் போட்டபோது வந்தது. அந்த நேரத்து மெயில்களில் பெரும்பாலானவற்றைத் தடித்தபடியே விட்டுவிடுவேன். காலையில் மகேந்திரன் பார்ப்பார். அதுதான் வழக்கம். இந்த மெயிலை யாரும் அச்செடுக்கவில்லை. கட்டிங் செக்ஷனுக்குப் போகவில்லை. நான்கு நாள் வெட்டினார்கள். ஆயிரத்து இருநூறு ஜோடிக்கு. இருபதாம் தேதி ஜெர்மன் அம்மாள் போனில் கத்திய பிறகுதான் பெட்டியில் தேடினோம். மெயில் இருந்தது. மெலிந்திருந்தது.

கட்டிங் சூப்பர்வைசர் கன்னியப்பன் மேலே வந்து கத்தினார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு தோலாவது டேபிள் ஏறியிருக்குமா சார்? நாலு நாளு! கம்ப்யூட்டர் வெச்சிக்கினு இன்னா பண்றீங்க இங்க, சினிமா பாக்கறீங்களா?"

ரஃபி சார் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"பெர்சிஸ் மூடி வெக்கறவ. அவ தொறந்தா அச்சு வந்துடும். தொறக்கலன்னா எழுத்து தடிச்சபடி இருக்கும். நடுவுல ஒண்ணும் கெடையாது. இது காலைல நடந்த வேல. இட்லி துன்னுக்கினே தட்டிக்கினு போனா இப்படித்தான் ஆவும்."

மகேந்திரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகமா போய்ட்டேன் போல சார்," என்றார். "எனக்கு ஞாபகமில்ல. ஆனா நான்தான் இருக்கும்."

விசாரணை முடியும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளி வெளிநாட்டில். ஜூன் முதல் வாரம் வந்து முடிவு சொல்வார். வேலை போகும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இந்தக் காரணத்தோடு அனுப்பினால் ஆம்பூரில், மேல்விஷாரத்தில், எந்தக் கம்பெனியிலும் எடுக்க மாட்டார்கள்.

நான் அங்கேயே நின்றிருந்தேன்.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

பெர்சிஸ்


மஸ்கட்
9 ஏப்ரல் 2002

பிரியமுள்ள பெர்சி,

உயிர்த்த ஆண்டவர் உன்னையும் அப்பாவையும் காக்கட்டும். நான் பூரண சுகம்.

அழித்துவிட்டாய் என்று படித்ததும் பாரம் இறங்கினது போல இருந்தது. ஒன்றுமில்லை, தலைவலியில் எழுதினது.

மாமா சுகமாக இருக்கிறார். ஈஸ்டருக்கு நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனோம். மீன் வாங்கி அங்கேயே சுடக் கொடுத்தோம். எலுமிச்சை பிழிந்து தந்தான் கடைக்காரன். மாமா இரண்டு மீன் சாப்பிட்டார். உன்னைப் பற்றிக் கேட்டார். பெர்சிக்கு இன்னும் அந்தக் கட்டச் சண்டை தீரவில்லையா என்று. திரும்பி வரும்போது காற்றில் அவர் தொப்பி பறந்துவிட்டது, துரத்திப் பிடித்தார். அவர் உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது, சைட்டில் வெயில். மற்றபடி எப்போதும் போலத்தான். அப்பாவுக்கு எழுதும் கடிதத்திலும் இதை எழுதியிருக்கிறேன். சத்தமாகப் படிக்கட்டும்.

அந்த மகேந்திரனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. என் ஓட்டை வாங்கியவர். ஒன்று கேட்கிறேன். வார்டில் மருந்து கொடுத்ததாகக் கையெழுத்து இருந்து, மருந்து பாட்டிலிலேயே இருந்தால், வழக்கமாக யார் அவசரக்காரி என்று பார்க்க மாட்டோம். கடைசியாக அந்தச் சார்ட் யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்போம். அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் தொட்டது யார்? உன் சாருக்கு இது தோன்றவில்லையா?

ஜூலையில் லீவு கிடைக்கும் போலிருக்கிறது.

முத்தங்களுடன்,
பொன்மலர்


மஸ்கட்
5 மே 2002

பெர்சி,

எல்லாரும் சுகம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை.

அப்பா எழுதியிருந்தார். பெர்சிஸ் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் வெயில் என்கிறாள் என்று.

என்னடி?

அக்கா


ஆம்பூர்
16 மே 2002

அக்கா,

அப்பா சுகம். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

உன் மெயிலைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

வரிசையாக எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத வரவில்லை.

பதினான்காம் தேதி ஆறு மணிக்கு லைன் போட்டேன். பதினொரு மெயில் இறங்கியது. மூன்றாவது உன்னுடையது. வழக்கம் போலத் திறந்தால் தனி ஜன்னல் திரை முழுவதும் விரியும். என் முதுகுக்குப் பின்னால் ரஃபி சாரின் கண்ணாடி அறை. அதனால் கீழ்க்கட்டத்தைத் திறந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அதன் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்து, மூன்று வரி மட்டும் தெரியும்படி சின்னதாக்கிக்கொண்டேன். மூன்று மூன்று வரியாகப் படித்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாய், சீக்கிரம் படிக்க முடியவில்லை. மாமா நவம்பரிலேயே உன்னை விட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார் என்பதை இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். "யாரிடமாவது சொல்லாவிட்டால் ஊசி போடும்போது கை நடுங்குகிறது" என்ற வரியை ஒரே தடவையில்.

அழித்தேன். ஒன்றை அழித்தால் வரிசையில் அடுத்த மெயிலின் மேல் கோடு தானாக வந்து நிற்கும். கட்டத்தில் அதன் எழுத்துகள் வந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து நொடிக்கு மேல். ஒரு சொல்லைக்கூடப் படிக்கவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கட்டத்தை மூடினேன், கம்ப்யூட்டரை நிறுத்தினேன், ஓடினேன்.

மறுநாள் காலை மகேந்திரன் வந்தபோது தடித்திருந்தவை ஒன்பது. ஒன்பதையும் முடித்தார். பத்தாவது மெலிந்திருந்தது, ஆகவே நான் முடித்தது. மெலிந்த வரி எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இருபதாம் தேதி அந்த மெயிலை அச்செடுத்து மேசையில் போட்டார்கள். வந்த நேரம் போட்டிருந்தது. உன்னுடையதற்கு அடுத்தது. அப்போதே எனக்குத் தெரியும். முதல் வரியே "உடனே நிறுத்துங்கள்" என்றுதான் இருந்தது.

நீ கேட்ட கேள்வி ரஃபி சாருக்குத் தோன்றவில்லை. நான் மூடி வைப்பவள்.

போன வாரம் மகேந்திரன் டிபன் பாக்ஸை எடுத்துப் போக வந்தார். கேட்டருகே பார்த்தேன்.

"நீங்க சொன்னதுதான் மேடம் கரெக்டு. மூடியே வெச்சிருக்கணும்," என்றார். "எனக்கு இன்னா, தறி கீது. நீங்க ஃபீல் பண்ணாதீங்க."

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

நான் எழுதிக் கொடுத்தால், எந்த மெயில் என்று ரஃபி சார் கேட்பார். அக்காவின் மெயில் என்றால், என்ன அவசரம் என்று கேட்பார். நான் சொல்லாவிட்டால் அப்பாவை ரோட்டில் நிறுத்தி, பெரிய பொண்ணு நல்லா இருக்குதா வாத்யாரே என்பார். அப்பா என்னிடம் வருவார். அவரிடம் என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் மறைக்க முடியாது.

முதலாளி ஜூன் ஆறாம் தேதி வருகிறார். உன்னிடம் அனுமதி கேட்கிறேனா, தெரிவிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. உடனே எழுது.

பெர்சிஸ்


மஸ்கட்
27 மே 2002

பெர்சி,

இருக்கிறேன்.

மாமா சுகமா என்று ஈஸ்டர் கடிதத்தில் கேட்டிருந்தாய். அதற்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். கடற்கரை, மீன், தொப்பி. அந்தப் பக்கத்தை நீ என்ன முகத்தோடு படித்தாய் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நானாவது தலைவலியில் ஒரு தடவை உண்மை எழுதினேன்.

கோபம் தணியட்டும் என்று ஒரு நாள் விட்டு எழுதுகிறேன். தணியவில்லை, ஆனால் உனக்குத் தேதி இருக்கிறது.

அப்பாவிடம் ஜூலையில் நேரில் நானே சொல்வேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு. ரோட்டில், ஸ்கூட்டர் சத்தத்தில், ஒரு பழைய மாணவன் வாயால் அவருக்கு அது தெரியக் கூடாது. இதை மட்டும் கேட்கிறேன்.

அதற்காக அந்த மனிதர் வேலையை இழக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு எழுது. ஏதோ விளம்பர மெயில், வேடிக்கை பார்க்கக் கட்டத்தைத் திறந்தேன், அழித்தேன், அடுத்தது மெலிந்துவிட்டது என்று. நடந்தது அதேதான், ஒரு பெயர் மட்டும் மாறுகிறது. மகேந்திரனுக்குப் போதும். நர்ஸ்கள் ஒவ்வொரு நாளும் இப்படி எழுதுகிறோம்.

என் கை இப்போது நடுங்குவதில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பொன்மலர்


ஆம்பூர்
7 ஜூன் 2002

அக்கா,

கேட்டிருக்க வேண்டும். கை நடுங்கவில்லை என்பதை மூன்று தடவை படித்தேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ சொன்னபடியே எழுதினேன். விளம்பர மெயில். ஒரு பக்கம். புதன்கிழமை கண்ணாடி அறைக்குள் போய்க் கொடுத்தேன். ரஃபி சார் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"வெளம்பரத்தப் பாக்க நீ கட்டத்தத் தொறந்தியா?"

"ஆமா சார்."

"ரெண்டு வருஷமா அந்தப் பையன்கூட மல்லுக்கட்டினு மூடி வெச்சவ. கம்பெனி ஆர்டருக்கே தொறக்காதவ. வெளம்பரத்துக்குத் தொறந்தியா?"

அவர் காகிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"பாவம் பாத்து அவனக் காப்பாத்தறதுக்கு எழுதினு வந்திருக்க. நல்ல மனசுதான். எடுத்துனு போம்மா."

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அதை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்தேன். அப்படியே போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் எழுதிக் கொடுத்தேன், அவர் நம்பவில்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது.

திரும்பிப் போய் அவர் மேசையிலிருந்தே ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். நின்றபடி எழுதினேன். "என் அக்காவிடமிருந்து வந்த சொந்த மெயிலைப் படிப்பதற்காக." அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. இந்தத் தடவை நம்பினார்.

"இன்னா எழுதியிருந்துச்சு?"

"அது அக்காவோடது சார். நான் சொல்ல முடியாது."

"நல்லா இருக்குதா அந்தப் பொண்ணு?"

"அதயும் அவதான் சொல்லணும். அப்பாகிட்ட கேக்காதீங்க சார். ஜூலைல அவளே வர்றா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றாரா, "பாக்கலாம்" என்றாரா, எனக்கு நினைவில்லை.

நேற்று முதலாளி வந்தார். சொந்த மெயிலுக்காக என்னை நிறுத்திவிட்டார்கள். இந்த மாதம் வேலை பார்த்த நாட்கள் வரைக்கும் கணக்கு. மகேந்திரனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிக் கடிதம் போகிறது. என்னைத்தான் அதையும் டைப் அடிக்கச் சொன்னார்கள், வேறு ஆள் இல்லை. "கவனக்குறைவு இம்முறை மன்னிக்கப்படுகிறது" என்று எழுதச் சொன்னார்கள். தவறு அவருடையது இல்லையே என்றேன். கம்பெனி ஒருத்தரை மூன்று மாதம் தப்பாக வீட்டில் உட்கார வைத்ததாகக் காகிதத்தில் எழுத முடியாது என்றார்கள். அடித்துக் கொடுத்தேன்.

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் வேலை போனதைச் சொன்னேன். சொந்த மெயில் படித்ததற்காக என்றேன். யாருடையது என்று கேட்கவில்லை. ஜெபம் செய்தோம். சாப்பிடும்போது, "பொன்மலருக்கு அங்க சாப்பாடு ஒத்துக்குதா?" என்றார். தெரியவில்லை அப்பா என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நீ ஜூலையில் வரும்போது அவர் உன் பக்கத்தில் உட்காரத் தயாராக இருப்பார் என்று மட்டும் நினைக்கிறேன்.

நீ என்மேல் கோபமாகவே இரு. எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. இனிமேல் கம்பெனி விலாசம் இல்லை. வீட்டுக்கே எழுது.

பெர்சிஸ்

சனிக்கிழமை. உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே மகேந்திரன் திங்கட்கிழமை வந்து உட்காருவார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. காலை பஸ்ஸில் குடியாத்தம் போனேன். லுங்கி மகேந்திரன் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவர் மனைவி கவிப்ரியா போய் ஒரு தறியை நிறுத்தினார்.

"அப்போ நான் இல்லியா மேடம்?"

"இல்ல. நான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மூணு மாசம்," என்றார். கவிப்ரியா என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு மணி பஸ்ஸில் ஏறி ஆம்பூர் வந்து சேர்ந்தேன்.